காடை இருக்கிற வீடு

ஜூன் 5

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் உன் வீட்டுக்காரனும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? "நல்லாயிருக்கேன் அத்தை" என்று ஒரே வரியில் எழுதி என்னை ஏமாற்றப் பார்க்காதே. மாமியாரும் மருமகளுமாக ஒரே வீட்டில் மூன்று வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோம், உன்னை எனக்குத் தெரியாதா?

போனில் பேசினால் ஒரு நிமிஷத்தில் முடிகிற சங்கதி. ஆனால் நீ உள்ளேயே தங்கி வேலை பார்க்கிற குஞ்சு பொரிப்பகத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். இங்கேயோ இரண்டே அறை. நான் தொண்டையைச் செருமினால்கூட உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும். அதனால்தான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். சட்டைக் கடைக்காரர் சாயங்காலம் வந்து கத்துவார். கத்தட்டும்.

விஷயம் இதுதான். காடைகள் தும்முகின்றன. ஒன்று ஆரம்பித்தால் எட்டும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. கண்ணோரமெல்லாம் ஈரம். வெள்ளைப் பெட்டை இறகை உப்பிக்கொண்டு மூலையிலேயே நிற்கிறது. உன் வீட்டுக்காரன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். நீ கோழிக்கும் காடைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவள். என்ன செய்வதென்று எழுது.

அவன் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

வீட்டில் பறவை வளர்த்தால் லீவில் போகக்கூடாது, உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று உன்னிடம் கையெழுத்து வாங்கினார்களே, அந்தச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் மருந்துப் புகையில் குளித்துவிட்டு என் கைக்கு வந்தது. இங்கே குளிக்காமல் எதுவும் உள்ளே வரமுடியாது, நாங்கள் உட்பட. முதுகு பரவாயில்லை. இருட்டறையில் முட்டைகளை விளக்கின்மேல் வைத்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்தே செய்யலாம். உங்கள் கண்ணுக்கு எப்படி இருக்கிறது? காஜாவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

காடைக்கு ஒரு குணம் உண்டு. தன் நோயை ஒளித்துவைக்கும். தீனியைக் கொத்துவதுபோல் நடிக்கும், ஒன்றும் தொண்டைக்குள் இறங்காது. இறகை உப்பிக்கொண்டு நிற்கிறதென்றால், நடிக்கக்கூடத் தெம்பில்லை என்று அர்த்தம். அந்த வெள்ளையைத் தனியாக ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் குண்டு பல்பு எரிய விடுங்கள். நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பு கத்தி மாதிரி கையில் பட்டால் பல நாளாகச் சாப்பிடவில்லை.

மற்றவற்றின் எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கிறதா, பச்சைத் தண்ணீராக இருக்கிறதா? சளி நாறுகிறதா? முகம் வீங்கியிருக்கிறதா? பார்த்து எழுதுங்கள். மருந்துக் கடையில் மனுஷர் மாத்திரையை வாங்கி உடைத்துப் போட்டுவிடாதீர்கள். கால்நடை டாக்டர் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

இன்னொன்று. கூண்டுக்கு நேரே முகத்தை வைத்து இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். அவரைச் செய்யச் சொல்ல வேண்டாம், நீங்களே செய்யுங்கள்.

சட்டம் அப்படியேதான் இருக்கிறது அத்தை.

அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் மருமகள்


ஜூலை 8

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதத்தைப் பிரித்தாலே ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது.

வெள்ளைப் பெட்டை போய்விட்டது. நீ சொன்னபடி பெட்டியில் வைத்தேன், பல்பு போட்டேன். மறுநாளே கண்ணை மூடிவிட்டது. நெஞ்செலும்பு கத்தியேதான். அதற்கு முன்னால் டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நாய் பார்க்கிறவர். "காடையையெல்லாமா கூட்டிட்டு வருவீங்க?" என்று சிரித்துவிட்டுச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

மற்ற ஏழுக்கும் எச்சம் கெட்டி, வெள்ளைத் தொப்பி இருக்கிறது. சளி நாறவில்லை. முகம் வீங்கவில்லை.

நீ சொன்னாயே என்று கூண்டுக்கு நேரே குனிந்தேன். முதல் மூச்சிலேயே கண்ணில் வெங்காயத்தைப் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது மூச்சை நான் இழுக்கவே இல்லை. "என்னடா இப்படி எரியுது?" என்று கேட்டால், "ஒண்ணும் எரியல. உனக்கு வயசாயிடுச்சும்மா" என்கிறான். ஜன்னலைத் திறக்கப் போனேன். அட்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறான். பூனை வருமாம். மூன்றாவது மாடிக்கு எந்தப் பூனை ஏறி வரப்போகிறது? ஆனால் அந்த அட்டையை அளந்து வெட்டியிருக்கிற அழகை நீ பார்க்கணும். கட்டட வரைபடம் போட்ட கை இல்லையா. ஆபீசை மூடிய பிறகு அந்த வித்தையெல்லாம் அட்டைக்குத்தான் போகிறது.

சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்கிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான். நீ ஒன்றும் கவலைப்படாதே.

அன்புடன்,
அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். வெள்ளைப் பெட்டை போனது வருத்தம். அதுதான் முதல் முட்டை இட்டது.

இது கிருமி இல்லை, காற்று. எச்சமும் தண்ணீரும் சேர்ந்து மரத்தூள் நனைந்துபோனால் அதிலிருந்து ஓர் ஆவி கிளம்பும். கண்ணை அரிக்கும், மூச்சுக்குழாயை அரிக்கும். எல்லாப் பறவையும் ஒரே சமயத்தில் தும்மி, சளியும் நாறாமல் இருந்தால் நாங்கள் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவோம். அதிலேயே கிடக்கிறவர் மூக்குக்கு அது தெரியாது. அதனால்தான் அவரைச் செய்யச் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன்.

செய்ய வேண்டியது சுலபம். கூண்டின் அடித்தட்டைத் தினமும் எடுத்துக் கொட்டிக் கழுவி, காய்ந்த மரத்தூள் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அவை மிதித்துச் சிந்தாத இடத்தில் வையுங்கள். ஜன்னலைத் திறங்கள். மருந்தே வேண்டாம்.

கூண்டில் இருக்கிற பறவைக்கே இவ்வளவு கேடு என்றால் அதே அறையில் படுத்து எழுகிற மனுஷருக்கு என்ன ஆகும்? அத்தை, அவர் அந்த அறையை விட்டு வெளியே வந்து எத்தனை நாளாகிறது? இதற்குப் பதில் எழுதுங்கள்.

தங்கள் மருமகள்


ஆகஸ்ட் 28

அன்புள்ள கண்ணுக்கு,

சௌக்கியம். பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டைகளைக் கடைக்காரர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதனால்தான் தாமதம்.

நீ எழுதியதெல்லாம் செய்தாகிவிட்டது. தட்டைத் தினமும் மாற்றுகிறேன். மரத்தூள் புதுசு. ஜன்னலும் கொஞ்சம் திறந்தாகிவிட்டது. அப்படியும் இரண்டு போய்விட்டன. நாம் என்ன செய்யமுடியும்? மீதி ஐந்தும் தும்முகின்றன. கால் விரல்களில் சிமெண்ட் உருண்டை மாதிரி ஏதோ கட்டிக்கொண்டு நொண்டுகின்றன. இது என்ன புது வியாதியோ.

போகிற போக்கைப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது. ஒரு கெட்டதிலும் ஒரு நல்லது உண்டு. பறவை இல்லையென்றால் நீ லீவு கேட்கலாம் அல்லவா? உன் நீலப் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம்.

தினமும் தட்டு மாற்றுகிற கூண்டில் காடையின் காலில் உருண்டை கட்டாது அத்தை. வாரக்கணக்கில் ஈர எச்சத்தில் நின்றால்தான் விரல் நுனியில் ஒட்டி ஒட்டிக் கல்லாகும். அதைப் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தோடு வந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை ஊறவைத்துக் கரைய விடுங்கள்.

நீங்கள் தட்டை மாற்றவில்லை. ஜன்னலையும் திறக்கவில்லை. அவர் விடவில்லையா? இல்லை, வேறு காரணமா? என் பழைய கேள்விக்கும் பதில் வரவில்லை.

தங்கள் மருமகள்


செப்டம்பர் 15

மருமகளுக்கு,

இன்றைக்கு நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

ஆமாம், மாற்றவில்லை. துப்பறிகிறாயா? உன் கேள்விக்கும் பதில் வேண்டுமா, வாங்கிக்கொள். நீ கிளம்பிப் போன அன்றைக்கு உள்ளே போனவன். குளிக்கிற இடத்துக்கு வருவான், திரும்பிப் போவான். தெருவாசலைத் தாண்டவில்லை. வேலை தேடுகிறான் என்று எழுதினேனே, பொய். தாடி நெஞ்சைத் தொடுகிறது. காடைகளோடு மட்டும்தான் பேச்சு. எச்சத்தைக் கொட்டக் கீழே போகணும் அல்லவா, அதற்குப் பயந்து பை பையாகக் கட்டி அறைக்குள்ளேயே அடுக்கி வைத்திருக்கிறான். பெற்ற வயிறு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியாது.

நான் அந்தக் கதவைப் பார்த்தபடி காஜா எடுக்கிறேன். அவனைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகவும் பயம். காலில் வெந்நீர் கொட்டினவள் மாதிரி ஓடிப்போய் ஓடி வருகிறேன். அடுத்த வீட்டில் சொல்லமுடியுமா? பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்கள். பிறகு எவன் வேலை கொடுப்பான்?

உன் கடிதம் வந்ததும் ஒரு நாள் தட்டை வெளியே இழுத்தேன். கையில் பிடித்தபடி நின்றேன். இவையெல்லாம் போய்விட்டால் நீ வந்துவிடுவாய் என்று தோன்றியது. தட்டைத் திரும்பச் செருகிவிட்டேன். கொலைகாரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். ஒரு பக்கம் ஐந்து காடை, ஒரு பக்கம் என் பிள்ளை. நீ என் இடத்தில் இருந்தால் எந்தப் பக்கம் நிற்பாய், சொல்லு.

அத்தை


அக்டோபர் 30

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்லமாட்டேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

சட்டம் இருப்பது உண்மை. ஆனால் எங்கள் வாசலுக்கு வெளியே ஒரு விடுதி இருக்கிறது. லீவில் போய் வந்தவர்கள் அங்கே ஒரு வாரம் தனியாக இருந்து, குளித்து, சோதனை முடித்து உள்ளே வரலாம். வீட்டில் கிளி வளர்க்கிறவர்கள்கூட அப்படிப் போய் வருகிறார்கள். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பறவைகள் இல்லாவிட்டாலும் நான் வரமாட்டேன் அத்தை.

அவர் ஆபீசை மூடிய பிறகு ஒன்றரை வருஷம் நான் அந்த அறைக்குள்தான் இருந்தேன். நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் காஜா எடுத்தீர்கள், நான் அந்தப் பக்கம் இருந்தேன். அவர் அடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பேச்சே இல்லை. நான் விளக்கைப் போட்டால் எழுந்து அணைப்பார். திரையை விலக்கினால் வந்து மூடுவார். நானும் மெல்ல மெல்லப் பேசுவதை நிறுத்தினேன். ஒரு நாள் நீங்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

காடைகளை வாங்கிக்கொடுத்தது நான்தான், உங்களுக்கு நினைவிருக்கும். அவர் எழுந்து நிற்க ஒரு காரணம் வேண்டுமென்று வாங்கினேன். எழுந்தார். தண்ணீர் வைத்தார், தீனி போட்டார். அந்தத் தைரியத்தில்தான் என்னால் கிளம்ப முடிந்தது. அவை செத்துப்போனாலும் நான் வரப்போவதில்லை. அவையும் இல்லையென்றால் அவர் எழவும் மாட்டார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அந்தத் தட்டைத் திரும்பச் செருகியிருப்பேன். இப்போது கூண்டைத் தூக்கி முன்னறையில் வையுங்கள். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், வெளியே வா என்று கெஞ்சவும் வேண்டாம். கூண்டை மட்டும் தூக்குங்கள். மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், அவரை ஒரு தடவை கூட்டிப்போங்கள். ஊர் என்ன பேர் வைத்தாலும் வைக்கட்டும்.

நான் வரமாட்டேன் என்பதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.

தங்கள் மருமகள்


நவம்பர் 21

அன்புள்ள கண்ணுக்கு,

சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். வாய் வலிக்கத் திட்டினேன். மூன்றாம் நாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது அறைக்குள் போய், நீ உட்காருகிற இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். எழுந்து வந்தேன், திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சட்டைக் கடைக்காரர் வந்த சமயம் பார்த்து, "ஒரு கை பிடிங்க" என்று அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கூண்டைத் தூக்கினேன். அவன் கத்தினான் பார், அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! "அம்மா, வெளிய வெக்காத! பயந்து எகிறும், மண்டையில இடிச்சுக்கும்!" அவன் சொன்ன மாதிரியே ஐந்தும் நேர் மேலே எகிறி டமார் டமார் என்று கூண்டின் கூரையில் முட்டின. கடைக்காரர் பயந்து கையை விட்டுவிட்டார். உன் வீட்டுக்காரன் ஒரே பாய்ச்சலில் முன்னறைக்கு வந்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கூண்டின்மேல் மூடினான். இருட்டானதும் அவை அடங்கின. அவன் அங்கேயே பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கடைக்காரர் அவன் தாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நூல் பத்துமா? அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

அன்றிலிருந்து பகலெல்லாம் முன்னறைதான். கால்களை ஊறவைத்து உருண்டைகளைக் கரைத்ததும் அவன்தான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எச்சப் பைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். தும்மல் நின்றுவிட்டது. டாக்டரிடம் போகலாமா என்றேன். பார்க்கலாம் என்றான். அதுவே பெரிசு.

முந்தாநாள் கேட்டான், "அவ எப்பம்மா வருவா?" என்று. நீ சொல்லச் சொன்னது தொண்டைவரைக்கும் வந்தது. இத்தனை நாள் கழித்து வெளியே வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? "பறவை இருக்கிற வீட்டுக்கு விடமாட்டாங்களாம்டா, கம்பெனி சட்டம்" என்று சொல்லிவிட்டேன். தலையாட்டிக்கொண்டான். என்னால் முடியவில்லை கண்ணு. நீயே ஒரு வேளை பார்த்து எழுதிவிடு.

அன்புடன்,
அத்தை


டிசம்பர் 9

அன்புள்ள உனக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கோடு வளைகிறது, பொறுத்துக்கொள்.

காடைகள் தேறிவிட்டன. கண்ணெல்லாம் தெளிந்துவிட்டது. போன வாரம் ஒன்று முட்டையும் இட்டது. ஆனால் அவை இப்போது இங்கே இல்லை. சட்டைக் கடைக்காரரின் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் பெரிய கூண்டு இருக்கிறது. ஐந்தையும் அட்டைப் பெட்டியில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் போனேன். வழியில் இறங்கி ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. மடியில் அவை இருந்ததால் இறங்கவில்லை. திரும்பும்போது மடி காலியாக இருந்தது. பஸ் ஏற முடியவில்லை. நடந்தே வந்தேன்.

கூண்டைப் பிரித்துப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். ஜன்னல் அட்டையைப் பிய்த்துவிட்டேன். அறையை பிளீச்சிங் பவுடர் போட்டு அம்மாவும் நானும் கழுவினோம். ஓர் இறகு கிடையாது. உங்கள் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தாலும் சரி. எழுத்தில் வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நம் வீட்டில் இப்போது பறவை இல்லை. நீ வரலாம்.

தேதியை எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
நான்


டிசம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. கடிதத்தைப் படித்து முடித்து அழுதேன். இருட்டறை வேலை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்ன காரணம் நான் சொல்லிக்கொடுத்தது. பறவை இருப்பதால் நான் வராமல் இருக்கவில்லை. என்னால் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமுடியாது. உங்கள் மேல் கோபம் இல்லை, அன்பும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அந்த அறையில் இன்னொரு தடவை உட்கார்ந்தால் நான் எழுந்திருக்கமாட்டேன். ஜன்னல் திறந்திருந்தாலும் அப்படித்தான். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கணும். சொல்லப் பயந்து ஒரு சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதை நம்பி நீங்கள் காடைகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். அதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப்போய் அந்த ஐந்தையும் திரும்பக் கேளுங்கள். கடைக்காரரின் அண்ணனும் நல்லவராகத்தான் இருப்பார், கொடுத்துவிடுவார். எகிறி முட்டினாலும் மண்டையில் பலமாக அடிபடாதபடி புதுக் கூண்டைத் தாழ்வாகவே செய்யுங்கள், முன்னறையில் வையுங்கள். முதல் சில நாள் பயந்து எகிறும். மேலே துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்.